வெள்ளை வந்தால் சம்மதம்

எங்கள் வீட்டில் பெரிய முடிவு எதையும் மனிதர்கள் எடுத்ததில்லை. அட்டுவம்பட்டியில் நிலம் வாங்கியது, உருளைக்கிழங்கை விட்டுவிட்டு கேரட்டுக்கு மாறியது எல்லாம் முருகன் சொல்லித்தான். ஒரு இலையில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ வைத்து, நிறம் தெரியாமல் மடித்து நாரால் கட்டிச் சன்னிதியில் போடுவார்கள். வீட்டுச் சிறுமி ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். எழுபதுகளின் கடைசியில் அந்தச் சிறுமி நான். ஆறு வயதில் சாமியின் கை என்று பெயர் வாங்கியவளுக்கு எவ்வளவு தலைக்கனம் இருக்குமோ, அவ்வளவும் எனக்கு இருந்தது.

அந்த முறை கேட்க வேண்டியிருந்தது அப்பாவின் ஒரே தங்கையான அத்தையின் கல்யாணத்தைப் பற்றி. மாப்பிள்ளை எங்கள் கேரட்டை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போகும் லாரி டிரைவர். வாட்டசாட்டமான ஆள், சிரித்த முகம். குடிப்பார் என்றும், குடித்தால் கை நீட்டுவார் என்றும் மார்க்கெட்டில் பேச்சு. அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. அம்மாவுக்கோ அத்தைக்கு வயதாகிறதே என்ற கவலை. அத்தையை யாரும் கேட்கவில்லை. கேட்க முருகன் இருக்கும்போது அவளை எதற்குக் கேட்பது?

அன்று காலை அம்மா மாடு கறந்துகொண்டிருந்ததால், வேலி ரோஜாவைப் பறித்துப் பொட்டலம் கட்டியது அத்தைதான். கோயிலில் நான் எடுத்தேன், பூசாரி பிரித்தார். வெள்ளை. அப்பாவின் முகம் வாடிப்போனது. "அவரே சொல்லிட்டாரு, இனி நம்ம சொல்ல என்ன இருக்கு" என்று கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பெரியவர்கள் விபூதி வாங்கும் நேரத்தில் மற்றப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளை ரோஜா! சாமி சிவப்பையே வெள்ளையாக்கிவிட்டார் என்று எனக்குப் புல்லரித்துப்போனது. ஓடிப்போய் அத்தையிடம் காட்டினேன். அவள் அதை வாங்கிச் சட்டென்று தலையில் செருகிக்கொண்டாள்.

"அவருக்கு அம்புட்டுச் சம்மதம்டி. யார்ட்டயும் சொல்லாத, பலிக்காமப் போயிரும்."

நான் சொல்லவில்லை. சாமி ரகசியம் அல்லவா?

மார்க்கெட் பேச்சு பொய்யில்லை. மறுவருஷமே அத்தை கன்னம் வீங்கி வந்தாள். பிறகு அடிக்கடி வந்தாள், போனாள். கடைசியாக வந்தபோது இடது கை ஒடிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தது. தைப்பூசம் தவறாமல் காவடி எடுக்கிற அப்பா, முருகன் படத்தின் முன்னால் நின்று கத்தினார்.

"ஒன் வாக்க நம்பித்தானய்யா குடுத்தேன்! அவ எலும்ப ஒடிக்கிறப்ப எங்க போயிருந்த? ஒரு தடவ அவன் கையப் புடிச்சிருக்கக் கூடாதா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பூ கொடுத்தவர் இரண்டு மடங்கு பதில் சொல்ல வேண்டாமா?

அத்தைதான் தடுத்தாள். "அவர வையாதீங்கண்ணே. அவருக்கும் இதுக்கும் ஒரு சோலியும் இல்ல."

இவ்வளவு அடிபட்டும் இவளுக்குப் பக்தி போகவில்லையே என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுவாரம் மாமா கூப்பிட வந்து, வாசலில் தலைகுனிந்து நின்றார். நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிய அப்பாவுக்கு, கோபமெல்லாம் இறங்கி மறுபடி கோயில்தான் ஞாபகம் வந்தது. "வெள்ளனே போயி ஒரு பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார்.

கொடைக்கானல் குளிரில் விடியுமுன் தலைக்குக் குளித்துவிட்டு நான் தயாராக நின்றேன். அம்மா பூப்பறிக்கக் கிளம்பினாள். அத்தை கட்டுப்போட்ட கையோடு வாசலை மறித்துக்கொண்டாள்.

"வேணாம் மதினி. அவரக் கேக்க வேணாம். நான் போகல."

அப்பா அவளையே பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மாமா அன்று வந்து, வந்த வழியே மலையிறங்கினார்.

தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்தவள் எங்கள் வீட்டில் அத்தைதான், அதுவும் அன்றைக்குத்தான் என்று சொந்தக்காரர்கள் வெகுநாள் பேசினார்கள். நானும் அப்படியே நினைத்தேன். முதல் தடவை பொட்டலம் கட்டியது யார் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. சாமியின் கைக்கு வேலை போய்விட்டதே என்று ஈரத் தலையோடு அழுதுகொண்டு நின்றேன்.