ஒற்றை மணியும் பொடி எழுத்தும்

கைபேசி இணைப்பு விற்பது என்பது, யாருமே படிக்காத ஒரு தாளில் எல்லோரையும் கையெழுத்துப் போட வைக்கும் தொழில். நீங்களும் போட்டிருப்பீர்கள், மறைக்க வேண்டாம். முன்பக்கம் சிரித்துக்கொண்டே நிற்கும் ஒரு குடும்பத்தின் படம். பின்பக்கம் சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்து. அதைப் பார்த்ததும் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, "எங்க சைன் பண்ணணும்?" என்று கேட்பதில் நாமெல்லாம் ஒரே கட்சி.

என் கணவருக்கு ஹைதராபாத்தில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்து, கரூரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த புதிது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், செகந்திராபாத் பக்கம் ஒரு கைபேசி நிறுவனத்தின் சேவை மையத்தில் சேர்ந்தேன். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் தமிழர்கள் நிறைய வருவார்கள், அவர்களிடம் பேச ஆள் வேண்டும் என்பதுதான் நான் அங்கே நுழைந்த தகுதி. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் படித்துவிடுவேன். சுண்டல் மடித்த காகிதத்தையும் விடமாட்டேன், தைல பாட்டிலையும் விடமாட்டேன். அப்படியிருக்க இந்தப் பொடி எழுத்து மட்டும் எப்படித் தப்பும்?

பெருக்கல் குறி போட்ட இடம்

பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது பென்சிலால் பெருக்கல் குறி போடுவது. கையெழுத்து வேண்டிய இடத்தில் குறியைப் போட்டுவிட்டால் வாடிக்கையாளரின் கண் வேறெங்கும் போகாதாம். "பின்பக்கம் என்ன சார் இருக்கு?" என்று கேட்டேன். பயிற்சி கொடுத்தவர், சின்னக் குழந்தை எதையோ கேட்டுவிட்ட மாதிரி சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

மதியம் கூட்டம் குறைந்ததும் வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். பக்கத்து மேஜை இம்ரான் பழைய நகரத்துப் பையன். நான் ஏதோ பரீட்சைக்கு உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டு டீ வாங்கி வந்து வைப்பான். ஒரு நாள் ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கும் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் புது இணைப்புக்கு வந்தார். படித்தவர், கண்ணாடி வேறு போட்டிருக்கிறார், இவராவது என்னோடு சேர்வார் என்ற ஆசையில் தாளைத் திருப்பி, "படிச்சுப் பாக்கறீங்களா சார்?" என்றேன். அவர் அவசரமாக மறுபடி முன்பக்கம் திருப்பிக் கையெழுத்தைப் போட்டார். பேனாவை மூடும்போதுதான் சொன்னார்: "நான் எழுதற சாஃப்ட்வேர்லயே 'ஒத்துக்கறேன்'னு ஒரு கட்டம் வருதுங்க. அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு எனக்கே தெரியாதுங்க."

பணம் இருக்கும்போது எப்படிச் சாகும்?

ஸ்டெல்லாக்கா லாலாகுடாவிலிருந்து வந்தார். அவர் கணவர் ரயில்வே பணிமனையில் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால், இவருக்கு அங்கே ஆபீசில் வேலை கொடுத்திருந்தார்கள். போனை என் மேஜைமேல் ணங்கென்று வைத்தார். "இதுக்குள்ள போட்ட பணம் அப்படியே இருக்கும்மா. நான் தொடக்கூட இல்ல. அப்புறம் கைக்கு செத்துச்சு இது? கைக்கு?" ஹைதராபாத் உருதில் 'ஏன்' என்பதற்கு அதுதான் வார்த்தை. கோபம் வந்தால் லாலாகுடாக்காரர்களுக்குத் தமிழ் 'ஏன்' போதாது.

கணினியில் பார்த்தேன். இணைப்பு துண்டிக்கப்பட்டு வெகு நாளாகியிருந்தது. காரணம்: பயன்பாடு இல்லை. அதைக் கேட்டதும் அக்கா எழுந்தே நின்றுவிட்டார். தினமும் பயன்படுத்தினாராம். ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் விஜயவாடாவில் இருக்கும் மகளுக்கு ஒரு மிஸ்டு கால். 'சரி' என்று மகளிடமிருந்து ஒன்று. பால்காரருக்கு ஒரு மணி அடித்தால் வழக்கமான பால், இரண்டு அடித்தால் கூடுதலாக ஒரு பாக்கெட். யாரும் போனை எடுப்பதில்லை, யாருக்கும் காசு போவதில்லை, குவார்ட்டர்ஸ் முழுக்க இப்படித்தான் பேசிக்கொள்கிறது. நான் ஸ்கேல் வைத்துப் படித்த ஒரு வரி அப்போதுதான் எனக்கு விளங்கியது. கட்டணம் விழும் அழைப்பு, அல்லது ரீசார்ஜ், இரண்டுதான் எங்கள் கணக்கில் பயன்பாடு. எடுக்காத மணி எங்களைப் பொறுத்தவரை அடிக்கவே இல்லை. எச்சரிக்கைச் செய்திகள் ஆங்கிலத்தில் வந்திருக்கின்றன, பாட்டு விளம்பரம் என்று அழித்துவிட்டார். அப்புறம் மகள் பிரசவத்துக்கு விஜயவாடா போய்த் தங்கியிருக்கிறார். அங்கே போன் ஊமையானதும், வெளியூர் என்பதால் டவர் இல்லை என்று நினைத்துவிட்டார்.

கோபம் அடங்கியதும் உட்கார்ந்தார். உண்மையான பயம் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. மகன் டேவிட் சரக்குக் கப்பலில் சமையல்காரன். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் யாரிடமாவது போன் வாங்கி அம்மாவுக்கு ஒற்றை மணி அடிப்பான். மணி போனால் அம்மா நலம், அடித்தவன் நலம். பேச்சே கிடையாது. அப்பா இறந்த அன்று தற்செயலாக வீட்டுக்குப் பேசியிருக்கிறான். எடுத்தது பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர். அந்தக் குரலைக் கேட்டதுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. அதிலிருந்துதான் இந்த ஒற்றை மணி ஏற்பாடு. வேறு நம்பர் எதுவும் அவனிடம் இல்லை. மும்பையில் இருக்கும் கப்பல் ஏஜென்டிடம் சொன்னால், அவசரச் செய்தியைத்தான் அனுப்புவோம், நம்பர் மாறியதையெல்லாம் அனுப்ப முடியாது என்கிறார்களாம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என் நம்பரை வேற யாருக்காச்சும் குடுத்து, அவங்க எடுத்து ஒரு 'ஹலோ' சொன்னாப் போதும்மா, எம்பிள்ளை அங்கியே ஒடஞ்சு போயிடுவான்."

சூப்பர்வைசரின் பாட்டு

அந்த நம்பரைத் திரும்பத் தர முடியுமா என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டு, ஸ்டெல்லாக்காவை நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து மல்லாபூர் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் வந்தார். கேட்காத பாட்டுக்குப் பணம் பிடிக்கிறார்கள் என்று புகார். யாராவது அவரைக் கூப்பிட்டால் பாட்டு கேட்கிறதாம். யார் வைத்தது என்றே தெரியவில்லையாம்.

இதற்கும் ஒரு வரி இருந்தது. அடுத்தவர் போனில் ஒலிக்கும் பாட்டைக் கேட்கும்போது நட்சத்திரப் பொத்தானை அழுத்தினால், அந்தப் பாட்டை உங்கள் போனுக்கும் நீங்கள் விரும்பிக் கேட்டதாகவே அர்த்தம். "யாருக்காவது போன் பண்ணும்போது அதை அழுத்தினீங்களா?" என்றேன். மனிதர் தலையைச் சொறிந்தார். அவருடைய சூப்பர்வைசர் நல்ல பாட்டாக வைத்திருக்கிறாராம். மனசு சரியில்லை என்றால் இவர் அவருக்குப் போன் போட்டுக் கேட்பாராம். ஒரு நாள் சத்தம் கூடுமா என்று ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தாராம். அவ்வளவு கவலையிலும் ஸ்டெல்லாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாட்டை நீக்கிக் கொடுத்தேன். போகும்போது அவர் ரொம்ப வருத்தமாகச் சொன்னார்: "நல்ல எடம் வரும்போது சூப்பர்வைசர் போனை எடுத்துடறார் மேடம், அதுதான் கஷ்டம்."

எழுதாத வரி

தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. கொஞ்ச நாள் சும்மா வைத்திருந்து, நம்பரை வேறொரு வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டார்கள், அதற்கும் பின்பக்கத்தில் ஒரு வரி உண்டு. இனி எதுவும் செய்வதற்கில்லை. அவர் யார் என்று ஸ்டெல்லாக்காவிடம் சொல்லவும் கூடாது. வாடிக்கையாளர் விவரங்களை வெளியாருக்குத் தரமாட்டோம் என்று அதே பின்பக்கத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறோமே. அன்று வரை அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்த வரி.

அக்காவை அனுப்பிவிட்டு மறுபடி ஸ்கேலை எடுத்தேன். ஒன்று உறைத்தது. வாடிக்கையாளர் விவரத்தை வெளியாருக்குத் தரக்கூடாது, சரி. வெளியார் கதையை வாடிக்கையாளருக்குச் சொல்லக்கூடாது என்று எங்கே இருக்கிறது? மேலிருந்து கீழ்வரை தேடினேன், இல்லவே இல்லை. ஸ்டெல்லாக்காவிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் கடை போனில் அவருடைய பழைய நம்பரைச் சுற்றினேன். இரண்டாவது மணியிலேயே ஒருவர் எடுத்து, "ஹலோ" என்றார். எந்தக் குரலுக்கு அக்கா பயந்தாரோ அதே குரல், நல்ல கனத்த ஆண்குரல். நான் சுற்றிய நம்பரைப் பார்த்து இம்ரான் தலையில் அடித்துக்கொண்டான்: "நக்கோ மேடம், நக்கோ, வேண்டாம்! இதையெல்லாம் படிச்சவங்க யாரும் இந்த வேலையில நிலைச்சதே இல்ல."

ராமச்சந்திராபுரத்து மணி

அவர் பெயர் வெங்கடேசம். ராமச்சந்திராபுரம் பெரிய தொழிற்சாலையில் வேலை. நான் தெலுங்கும் இந்தியும் கலந்து உளறியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விடுமுறை நாளன்று பஸ் பிடித்து மையத்துக்கே வந்துவிட்டார். ஸ்டெல்லாக்கா முன்பே வந்து காத்திருந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "வெளிநாட்டு நம்பர் எதுனா வந்துச்சா? நீங்க எடுத்தீங்களா?" என்றுதான் கேட்டார்.

வந்ததாம். ப்ளஸ் போட்ட நீள நம்பர், இரண்டு தடவை. வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும், வெளியே வந்து பார்த்தால் மிஸ்டு கால் என்று காட்டுமாம். ஒரு தடவைகூட எடுத்ததில்லை. ஸ்டெல்லாக்கா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். எனக்கோ மண்டைக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நம்பர் செத்தே கிடந்திருந்தால், 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்ற குரலை டேவிட் கேட்டிருப்பான். இன்னொருவருக்குக் கொடுத்ததால்தான் மணி போயிருக்கிறது. அம்மா நலம் என்று நிம்மதியாகக் கப்பல் ஏறியிருக்கிறான். அநியாயம் என்று நாங்கள் திட்டிக்கொண்டிருந்த வரிதான் அவன் நிம்மதியைக் காப்பாற்றியிருக்கிறது!

சிம்மை மாற்றிக்கொள்ளலாமே என்றேன். வெங்கடேசம் சங்கடப்பட்டார். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார், எல்லா வீட்டுக்கும் கொடுத்திருப்பது இந்த நம்பர். "நக்கோ தம்பி, கல்யாண விஷயம், மாத்தாதீங்க" என்று ஸ்டெல்லாக்காவே தடுத்துவிட்டார். அப்புறம் இருவரும் என்னைக் கேட்காமலேயே ஓர் ஒப்பந்தம் பேசிக்கொண்டார்கள். டேவிட் விடுமுறையில் வீட்டுக்கு வரும்வரை ப்ளஸ் போட்ட எந்த நம்பரையும் வெங்கடேசம் எடுக்கக்கூடாது. மணி அடித்து ஓய்ந்ததும் அக்காவின் புது நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். பொடி எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. மாதத்துக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது காசு கொடுத்துப் பேசித் தொலையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு நம்பரும் போய்விடும் என்று நான் கெஞ்சியதை இருவரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

சில வாரம் கழித்து, நான் கெஞ்சியதற்காகவோ என்னவோ, ஸ்டெல்லாக்கா ரீசார்ஜ் செய்ய வந்தார். ஒரு டப்பாவில் கேக் கொண்டுவந்திருந்தார். இம்ரானுக்கும் ஒரு துண்டு கொடுத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் சொன்னார்: "நேத்து ராமச்சந்திராபுரத்துலேர்ந்து மணி வந்துச்சும்மா. எம்பிள்ளை ஏதோ ஊர்ல கரை சேர்ந்துட்டான்."

இத்தனை நாள் ஸ்கேல் வைத்துப் படித்ததில் நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: எங்கள் மையத்தில் போட்ட ஒப்பந்தங்களிலேயே இரண்டு பக்கமும் முழுசாகப் புரிந்துகொண்டு போட்டது, எங்கள் நிறுவனத்துக்குக் காலணா லாபமில்லாத அந்த ஒன்று மட்டும்தான்.