பிரசவ வார்டில் ஒரு விசாரணை

பிரசவ வார்டின் வாசலில் நின்று, போட்டிருந்த கறுப்புக் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார் எங்கள் மாஜிஸ்திரேட் அம்மா. "இத மாட்டிக்கிட்டு உள்ள போனா அந்தப் பிள்ள மெரண்டுரும்" என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை. வார்டுக்குள் மதியச் சாப்பாட்டு வாசனையும் டெட்டால் வாசனையும் கலந்து அடித்தன. கட்டில்களுக்கு நடுவே இருந்த சொந்தக்காரப் பெண்கள், பின்னால் வந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

நான் அப்போது அவரிடம் ஸ்டெனோவாக இருந்தேன். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், குள்ளமான உருவம், மெல்லிய குரல். ஏலக்காய் விளையும் மலையின் அடிவாரத்துக்கு மாற்றலாகி வந்தும் ஏலக்காய் போட்ட டீயைத் தொட மாட்டார். கைதானவரை ஜெயிலுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யும் ரிமாண்ட் விஷயத்தில் அவருக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. போலீஸார் கொண்டுவந்த காகிதத்தை வாங்கி மேசை மேல் குப்புறக் கவிழ்த்துவிட்டு, கூட்டி வந்த ஆளை முதலில் பேசவிடுவார். இதனால் எங்களுக்கு வேலை முடியத் தாமதமாகும். மற்ற நாட்களில் உள்ளுக்குள் சலித்துக்கொள்வேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சலிப்பு வரவில்லை.

கட்டிலில் படுத்திருந்த பெண், பக்கத்திலுள்ள இலங்கைத் தமிழர் முகாமில் வசிப்பவள். அவள் கணவன் பெயிண்டர். கேரளத்தில், கட்டப்பனையில் ஒரு மாடிக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கப் போனவன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடப்பதாக, சனிக்கிழமை காலையில் உடன் வேலை செய்தவர்கள் போன் செய்திருக்கிறார்கள். முகாமிலிருப்பவர்கள் மாநில எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். சனிக்கிழமை என்பதால் அனுமதி தரும் அலுவலகம் பூட்டியிருந்தது. நிறைமாத வயிற்றோடு அவள் தன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு குமுளி பஸ் ஏறிவிட்டாள். கணவனைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பும்போது, ஏலத்தோட்ட வேலை முடிந்து இறங்கும் பெண்களோடு ஒரு ஜீப்பில் இடம் கிடைத்திருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் வழியில் சோதனை. மற்றவர்களிடம் வாக்காளர் அட்டை இருந்தது. இவளிடம் இருந்தது அகதி அட்டை. கேரளக் கரையிலிருந்து கள்ளப் படகேறி வெளிநாடு போகிறார்கள் என்று அப்போது பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அதற்கு ஏற்பாடு செய்யத்தான் போய்வந்தாள் என்று சந்தேகப்பட்டு, வெளிநாட்டவர் சட்டத்தில் வழக்குப் போட்டு, அவளைக் கைது செய்தார்கள். வயதான தாயை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, விடிவதற்குள் பெண் குழந்தை பிறந்தது. அவளைக் கோர்ட்டுக்குக் கூட்டிவர முடியாததால் மாஜிஸ்திரேட்டே அங்கே போக வேண்டியதாயிற்று.

நாங்கள் போனபோது காவலுக்கு இருந்த பெண் கான்ஸ்டபிளின் மடியில்தான் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டு எழுந்து சல்யூட் அடிக்கவும் முடியாமல், உட்கார்ந்திருக்கவும் முடியாமல் அவள் தவித்தாள். "நீ உக்காரும்மா" என்றார் எங்கள் மாஜிஸ்திரேட் அம்மா. கட்டிலருகில் ஸ்டூலைப் போட்டு அமர்ந்தார்.

"என்ன நடந்துச்சு? நீயே சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அந்தப் பெண் விட்டு விட்டுச் சொன்னாள். கணவனின் கால் அசைகிறதா என்று தொட்டுப் பார்த்ததைச் சொல்லும்போது மட்டும் அழுதாள். முடிவில், "நான் எந்த ஊருக்கும் ஓடிப்போகலங்கம்மா. வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

"எந்த வீட்டுக்கு?"

"முகாமுக்குத்தாங்கம்மா. நான் பொறந்ததே இந்த ஆஸ்பத்திரியிலதான்."

கால்மாட்டில் நின்ற அவளுடைய தாய், "ஓம் அம்மா. கடல் தாண்டி வந்தது நான். இவள் இஞ்சதான் பிறந்தவள்" என்று இலங்கைத் தமிழில் ஆமோதித்தாள்.

என் பேனா நின்றுவிட்டது. எனக்கு முதல் பிரசவம் ஆனதும் அதே வார்டில்தான். எங்கள் மாஜிஸ்திரேட் அம்மா டாக்டரை வரவழைத்து அவள் உடல்நிலையைக் கேட்டார். ரத்தம் நிறையப் போயிருக்கிறது, ஜெயிலுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கே இப்போது அனுப்ப முடியாது என்றார் டாக்டர். இலவச சட்ட உதவி வக்கீலுக்குப் போன் போனது. அவர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு பைக்கில் வந்து சேரும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் அல்ல. மேலிடத்திலிருந்து அவருக்கு நெருக்கடி இருந்தது. "மேடம், ஜாமீன்ல விட முடியாத செக்ஷன். நாளைக்கு இந்தப் பொண்ணு கெளம்பிப் போயிட்டா என்னையத்தான் கேப்பாக" என்றார்.

"பொம்பளைக்கும் நோயாளிக்கும் இதுலயும் ஜாமீன் குடுக்கலாம்னு சட்டத்துல இருக்கு சார். அடைச்சு வைக்கணும்னா என்ன தேவைக்குன்னு சொல்லணும். சந்தேகம்னு மட்டும் சொல்றீக. கட்டப்பனை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டீகளா?"

கேட்டிருக்கவில்லை. அங்கேயே, அப்போதே கேட்டார்கள். கணவன் இடுப்பில் கட்டோடு படுத்திருப்பது உண்மைதான் என்று தெரிந்தது. சொந்தப் பிணையில் அவளை விடுவிக்கும் உத்தரவை எங்கள் அம்மா சொல்லச் சொல்ல, ஒரு மருந்து மேசையில் லேப்டாப்பை வைத்து நான் அடித்தேன். கான்ஸ்டபிள் குழந்தையைத் தாயின் பக்கத்தில் கிடத்தினாள். காவல் முடிந்த பிறகும் அவள் உடனே கிளம்பவில்லை.

ஆபத்து அதோடு தீர்ந்துவிடவில்லை. கோர்ட் ஜாமீன் கொடுத்தாலும், அரசாங்கம் தனி உத்தரவு போட்டுச் சிறப்பு முகாமில் வைக்கலாம். பெயர்தான் முகாம், உள்ளே போனால் வெளியே வர முடியாது. அதைத் தடுக்கும் அதிகாரம் எங்கள் கோர்ட்டுக்குக் கிடையாது. காரில் திரும்பும்போது மாஜிஸ்திரேட் அம்மா, "என் எல்ல இம்புட்டுத்தான். அந்த எல்லைக்குள்ள ஒரு ஓட்டை விடாம எழுதியிருக்கேன்" என்றார். டாக்டர் சொன்னது, கட்டப்பனையில் விசாரித்தது, அவள் இங்கேயே பிறந்தவள் என்பது எல்லாம் அந்த உத்தரவில் இருந்தன. சில நாட்களில் சிறப்பு முகாம் பேச்சு கிளம்பியபோது, சட்ட உதவி வக்கீல் அதை எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஓடினார். அவளிடம் விளக்கம் கேட்காமல், பாலூட்டும் தாய் என்பதைப் பார்க்காமல் எங்கேயும் கொண்டுபோகக் கூடாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். பிறகு விசாரித்ததில் படகுக் கதைக்கு ஆதாரமே இல்லை என்றாகி, வழக்கும் கைவிடப்பட்டது. கணவன் ஊன்றுகோலோடு முகாமுக்குத் திரும்பினான். உடம்புக்கு முடியாத அவசரம் என்றால் அதிகாரிக்குப் போனில் சொல்லிவிட்டே போகலாம் என்ற ஏற்பாடும் அந்த முகாமில் வந்தது.

எங்கள் அம்மா மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவர்களில் வேகமானவர்களும் உண்டு, பொறுமையானவர்களும் உண்டு. சட்டம் என்றால் ஆளைப் பிடிக்கிற கை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்தக் கையை எங்கே நிறுத்த வேண்டும் என்றும் அதே சட்டத்தில் எழுதியிருப்பதை, தினமும் அதைத் தட்டச்சு செய்த எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. எழுதியிருந்தால் மட்டும் போதாது, ஒருவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெண் இன்னமும் சட்டப்படி வெளிநாட்டவள்தான். அவள் மகளும் அப்படித்தான். குடியுரிமைக்கு மனுப் போட்டுக் காத்திருக்கிறார்கள். கிடைக்கும் என்றே நானும் நம்புகிறேன்.

போன மாதம் கோர்ட் படிக்கட்டில் அவளைப் பார்த்தேன். அவளாகத்தான் என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். பள்ளிச் சீருடையில் மகள் நின்றாள். கூட, முகாமைச் சேர்ந்த இன்னொரு பெண், முந்தானையால் வாயைப் பொத்தியபடி. ஏதோ போலீஸ் விவகாரம் போல. சட்ட உதவி அறை எது என்று இவள் யாரையும் கேட்கவில்லை. நேராக அதன் வாசலுக்குக் கூட்டிப்போனாள். அந்தப் பெண் உள்ளே போகத் தயங்கி நிற்க, இவள் அவள் தோளில் கைவைத்துச் சொன்னது என் காதில் விழுந்தது.

"பயப்படாதக்கா. உள்ள போயி நடந்தத நடந்தபடி சொல்லு. கேப்பாக."