மறக்கமாட்டேன் என்ற காது

ஏழாம் வகுப்போடு என் படிப்பு சரி. ஆனால் பாரிசின் லா சப்பலில், எங்கட தமிழ்க் கடைத்தெருவில், என்னைப்போல் காது உள்ளவன் கிடையாது. கோப்பை கழுவிக் கழுவியே பிரெஞ்சு பிடித்தேன், வங்காளமும் பிடித்தேன். ஒருக்கால் கேட்டால் மறக்கமாட்டேன் என்று என் உணவகத்துக் குசினியில் தினமும் சொல்லுவேன்.

அங்கே என்னிடம் கோப்பை கழுவியவன், பசிபிக் கடலில் பிரான்சின் கையிலிருக்கும் ஒரு தீவுக்காரன். என் வயதுதான். அவனுடைய பாஷை நாலைந்து கடற்கரைக் கிராமங்களில் மட்டும். அங்கேயும் பிள்ளைகள் இப்போது பிரெஞ்சுதானாம். பாரிசில் அதைப் பேச ஈ காக்கை இல்லை. கிழமைக்கு ஒருநாள் தாயோடு போனில் பேசுவான். தங்கை பக்கத்திலேயே இருப்பாள். அவளோடு பேசமாட்டான். வளர்ந்த அண்ணனும் தங்கையும் நேரே பேசக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். இவன் தாய்க்குச் சொல்லுவான், தாய் அவளுக்குச் சொல்லுவா.

தாய் செத்ததும் அவன் வாய் மூடிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. அவனுடைய போனை எடுத்துத் தங்கைக்கு அடித்து, அவன் காதில் வைத்தேன்.

"கூடப்பிறந்தவளோட கதைக்க என்ன வெட்கம்? கதையடா!"

நெருப்புப் பட்டவன்போல் தட்டிவிட்டான். போன் சவர்க்காரத் தண்ணீருக்குள்.

"அண்ணை, உங்கட வைத்தியம் பிழைச்சுப்போச்சு," என்று சமையல்காரன் சிரித்தான். தீவுக்காரன் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

பிறகு அவனுக்கு நுரையீரலில் புற்றுநோய். ஆஸ்பத்திரிக்கு நான்தான் சூப் கொண்டுபோவேன். ஒரு மத்தியானம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் பாஷையில் நெடுநேரம் பேசினான். முடித்துவிட்டுப் பிரெஞ்சில் சொன்னான்:

"தங்கச்சிக்கு இதை அப்பிடியே சொல்லு. நீ ஒருக்கால் கேட்டால் மறக்கமாட்டாய்தானே."

"அதுக்கென்ன, சொல்லுறன்" என்றேன். இன்னொருக்கால் சொல்லு, போனில் பதிகிறேன் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் என் மானம் போய்விடும். கேட்கவில்லை.

மூன்றாம் நாள் போய்விட்டான். தங்கைக்கு நானே அடித்துச் சொன்னேன். அழுது முடித்து அவளும் பிரெஞ்சில் கேட்டாள்:

"எனக்கு என்ன சொன்னவர்?"

என்னிடம் மிஞ்சியிருந்தது அவன் பேசிய முதல் சொல் மட்டும். அதைச் சொன்னேன்.

"அது அம்மாவைக் கூப்பிடுறது. உங்களை அவவின்ர இடத்தில வைச்சிருக்கிறார். பிறகு?"

பாரிஸ் அரசாங்கக் கந்தோர்களில் அதிகாரிகளோடு சத்தம்போட்டே விசா எடுத்தவன் நான். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"பிறகு?" என்று திரும்பவும் கேட்டாள்.