முக்கு வரைக்கும்

போன மாதம் எங்கள் தெருவைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. கழுத்தில் கேமரா, காலில் பெரிய பெரிய ஷூ. பழைய ஊர்களை நடந்தே சுற்றிப் பார்க்கிறவர்களாம். அரண்மனையைப் பார்த்துவிட்டு, அதன் பின்பக்கம் இருக்கிற எங்கள் தெருவுக்குள் நுழைந்து, காரை பெயர்ந்த சுவரையும் தேக்குக் கதவையும் படம் எடுத்தார்கள். அதில் ஒரு பெண் என்னிடம் வந்து, "கொடுத்து வச்சவங்க ஆன்ட்டி நீங்க. எல்லாமே நடந்து போற தூரத்துல இருக்கு" என்றாள். "ஆமாம்மா" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

அவள் சொன்னதில் பொய் இல்லை. பால், காய்கறி, கோயில், நான் முப்பது வருடம் டீச்சராக இருந்த பள்ளிக்கூடம், என் வீட்டுக்காரரின் ஏலக்காய்க் கடை, எல்லாமே நாலு எட்டில் வந்துவிடும். போடியில் பிறந்து போடியிலேயே வாக்கப்பட்டவள் நான். மதுரைக்குப் போனால்தான் பஸ்சு ஏறுவேன். எங்கள் தெருவில் கார் நுழையாது. இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒருவர் இறங்கி வழிவிட வேண்டும். வெளியூர்க்காரர்கள் தெருமுனையிலேயே நின்று, ஏலக்காய் வாசம் என்று மூக்கை உறிஞ்சுவார்கள். எங்களுக்கு அந்த வாசம் தெரியாமல்போய் எத்தனையோ காலமாகிறது.

தெருவுக்கு இரண்டு வழி. கிழக்கே போனால் அம்மன் கோயில், அதைத் தாண்டினால் மெயின் ரோடு. மேற்கே போனால் ஒரு முக்கு, முக்கில் திரும்பினால் ஒரு சந்து, சந்து முடிகிற இடம் ஓடைக்கரை. சாதாரண நாளில் ரேஷன் கடைக்கு அந்தச் சந்துதான் குறுக்கு வழி. சாவு விழுந்தால் பாடை போவதும் அதே சந்துதான். கோயிலுக்கு முன்னால் பிணத்தைக் கொண்டுபோகக் கூடாது. பெண்கள் முக்கு வரைக்கும் போவோம், அங்கே நின்று அழுதுவிட்டுத் திரும்பிவிடுவோம். ஆண்கள் சந்துக்குள் போவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. செக்குமாட்டுக்கு வழி சொல்லவா வேண்டும்?

இரண்டு வருடத்துக்கு முன்னால், மாசி மாதத்தில் ஒரு காலை. தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற ஜீப்புகள் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. சட்டை மாட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பாதிப் பட்டனில் கையை நிறுத்தினார். "டீச்சரம்மா, நெஞ்சு ஒரு மாதிரி பிசையுது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவார். முதலில் கேலிக்குச் சொன்னது, பிறகு அதுவே என் பெயராகிவிட்டது.

ஆம்புலன்ஸ் வெரசாகவே வந்துவிட்டது. கோயிலுக்கு முன்னால் நிற்பதாகவும், ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கொண்டு உள்ளே வருவதாகவும் போனில் சொன்னார்கள். எங்கள் தெரு அதுவரைக்கும் பொறுக்குமா? "அவங்க வர்ற வரைக்கும் எதுக்கு நிக்கணும்? நாமளே தூக்கிருவோம், கட்டிலக் கொண்டாங்கப்பா" என்றார் எதிர்வீட்டுத் தம்பி. அரிசிக் கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷன். கயிற்றுக் கட்டிலில் என் வீட்டுக்காரரைப் படுக்கவைத்து நாலு பேர் தோளில் தூக்கினார்கள். தூக்கியவர்கள் மேற்கே நடந்தார்கள்.

யாரும் யோசித்துச் செய்யவில்லை. தோளில் கட்டில் ஏறினால் மேற்கே போய்த்தான் அந்தக் கால்களுக்குப் பழக்கம். அவர்களை மட்டும் சொல்வானேன்? ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி நடந்துவர வேண்டுமே என்று அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நானும்தான் பின்னால் போனேன். எனக்கும் உறைக்கவில்லை. முக்கு வந்தது. கட்டில் சந்துக்குள் திரும்பியது. நான் நின்றுவிட்டேன். கூட வந்த பெண்களும் என்னோடு நின்றுவிட்டார்கள். உயிரோடு இருக்கிற மனுஷனை அனுப்பிவிட்டு, நாங்கள் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தோம்.

சந்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "அய்யய்யோ, வண்டி கோயில்கிட்டல்ல நிக்குது!" தோளில் கட்டிலை வைத்துக்கொண்டு அந்தச் சந்தில் திரும்ப முடியாது. "ஓடைக்கரைக்கே போயிர்றோம், வண்டியச் சுத்தி வரச் சொல்லுங்க!" என்று கத்தினார்கள். நான் செருப்போடு கோயிலுக்கு ஓடினேன். டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து வழி சொன்னேன். ரோட்டில் வரிசையாக ஜீப்புகள். ஒதுங்க இடமில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற ஜீப்பில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களின் முகங்கள் இப்போதும் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. ஓடைக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பேச்சில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் அதே நாலு பேர், அதே சந்து. நான் அதே முக்கில் நின்றேன். ஒரே ஆளை இரண்டு தடவை அனுப்பிவைத்தவள் எங்கள் தெருவிலேயே நான் ஒருத்திதான்.

அழுகை வரவில்லை. "அழுதுரு டீச்சரு, உள்ள வச்சுக்கிராத" என்று கட்டிப்பிடித்து உலுக்கினார்கள். மரக்கட்டை மாதிரி இருந்தேன். பதினாறு நாள் முடிந்ததும் பால் வாங்கப் போனேன், கோயிலுக்குப் போனேன், கடையைப் பெரிய மகனிடம் கொடுத்தேன். பசித்தது, சாப்பிட்டேன். தூக்கமும் வந்தது. அவர் செருப்பு வாசலிலேயே கிடந்தது. பெருக்கும்போது தள்ளிவைத்துப் பெருக்கிவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைப்பேன். அந்தக் காலையைப் பற்றித் தெருவில் யாரும் பேசவில்லை. எதிர்வீட்டுத் தம்பி என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குள் போய்விடுவார். நானும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது, போன உயிர் வரவா போகிறது?

சந்துக்குள் மட்டும் போகவில்லை. ரேஷன் கடைக்குக் கோயில் வழியாக ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். "ஏன் டீச்சர் இப்படிச் சுத்தி வர்றீங்க?" என்று ரேஷன் கடைக்காரர் கேட்டார். "நடந்தா நல்லதுன்னு டாக்டர் சொன்னாருப்பா" என்றேன்.

அந்தக் கேமராக் கூட்டம் வந்துபோன மறு வாரம், காலையில், எதிர்வீட்டில் அலறல் கேட்டது. அந்தத் தம்பிக்கே நெஞ்சுவலி. நான் குழம்புக் கரண்டியோடு வாசலுக்கு வந்தபோது கட்டில் தோளில் ஏறிவிட்டது. ஆம்புலன்ஸ் கோயிலுக்கு முன்னால். கட்டில் மேற்கே.

எனக்கு அறுபத்தொரு வயது, இரண்டு முட்டியிலும் வலி. எப்படி ஓடினேன் என்று தெரியாது. கட்டிலை முந்திப் போய்ச் சந்து வாயில் இரண்டு பக்கச் சுவரிலும் கையை ஊன்றி நின்றேன். "எங்கடா போறீங்க? உசுரோட இருக்காண்டா! கோயில் வழியாப் போங்கடா!" என்று கத்தினேன். தூக்கிவந்தவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். அவர்களைக்கூட வளர்ந்தபிறகு நான் டா போட்டதில்லை. "டீச்சர்..." என்று ஒருவன் திகைத்து நின்றான். பிறகு கட்டிலைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் தம்பியின் பெண்டாட்டி ஓடினாள். அவள் கையில் அவருடைய செருப்பு இருந்தது.

பத்து நாளில் அவர் திரும்பி வந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று தெருவே பேசியது. கோயில் பக்கமிருந்து, அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு, மெதுவாக நடந்து வந்தார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவர் நடக்கிறாரே என்று வயிறு எரிந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், என் மனசு அவ்வளவுதான்.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"டீச்சரக்கா, ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருசமா தொண்டையிலயே நிக்கிது."

"சொல்லுங்க தம்பி."

"அன்னைக்கு அண்ணன் தலைமாட்டுல நான்தான் தோள் கொடுத்தேன். சந்துக்குள்ள தண்ணிக் குழாய் இருக்குல்ல, அதுகிட்டப் போகும்போது கண்ணத் தொறந்து சுவத்தப் பாத்தாரு. 'என்னங்கப்பா, இப்பவேவா?'ன்னு சிரிச்சாரு. அப்பத்தான் எங்களுக்கே உறைச்சுச்சு."

அவர் அப்படித்தான் பேசக்கூடிய ஆள். குரலே காதில் கேட்டது. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெறகு தலையத் திருப்பிப் பின்னாடி பாத்தாரு அக்கா. 'டீச்சரம்மா வரலையா?'ன்னு கேட்டாரு. 'வந்துக்கிட்டிருக்காங்கண்ணே'ன்னு சொன்னேன்."

காபியில் ஆடை படிந்துவிட்டது. தம்ளரை வாங்கி வைத்தேன். "நான் முக்குல நின்னுட்டேன் தம்பி" என்றேன். "தெரியும்க்கா" என்றார்.

மறுநாள் காலையில் வாங்க ஒன்றுமில்லாமலே ரேஷன் பையை எடுத்துக்கொண்டு மேற்கே நடந்தேன். முக்கில் கொஞ்சம் நின்றேன். பிறகு சந்துக்குள் போனேன். குழாயடியில் யாரும் இல்லை. அதைத் தொட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தால், நான் அன்று நின்ற இடம் தெரிகிறது.

அதுவரைக்கும் எண்ணி நடந்தேன், இருபத்து மூன்று எட்டு. நடந்து போகிற தூரம்தான்.