சாக்பீஸ் வீடு

மூடியைத் திறந்து, கண்ணை மூடி, மண்ணெண்ணெயை முகர்ந்துகொண்டிருக்கிறார் நீலமேகம். முதலில் லேசாக, பிறகு நெஞ்சு நிறைய. மூடியைத் திருகி பாட்டிலைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். வெளியே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் உறுமும்.

“வந்துச்சா?” என்று சமையலறையிலிருந்து மனைவி சௌமியா கேட்பாள்.

“இன்னும் இல்ல.”

“வாந்தி வராம இருந்தா சரி.”

மணலிப் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் பிரஷர் கேஜ்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. முள் எதைக் காட்டினாலும் உடனே நம்பமாட்டார். கண்ணாடியில் நகத்தால் ஒரு தட்டுத் தட்டுவார். ஒட்டிக்கொண்ட முள் அப்போதுதான் வாயைத் திறக்கும் என்பார். கை அந்தப் பழக்கத்தை ஆலையிலேயே விட்டுவிட்டு வருவதில்லை. பைக்கின் பெட்ரோல் முள், சுவர்க் கடிகாரம், பழக்கடைத் தராசு எல்லாம் அவரிடம் தட்டு வாங்கியவைதான். ஆஸ்பத்திரியில் அம்மாவின் ஆக்சிஜன் மீட்டரையும் தட்டினார். நர்ஸ் முறைத்தாள். மீட்டர் சரியாகத்தான் இருந்தது.

அம்மா முத்தம்மா மாசியில் போய்விட்டாள். கருமாதியன்று சாப்பாட்டுக்குப் பிறகு சொந்தக்காரர்கள் பழைய கதைகளை எடுத்துவிட்டார்கள். நண்டுக் கூடைக்குள் நீலமேகம் உட்கார்ந்து எழுந்த கதை. ஒரு கையில் அவரையும் மறு கையில் மீன் கூடையையும் பிடித்துக்கொண்டு அம்மா பஸ் கண்டக்டரோடு போட்ட சண்டை. “கொரலா அது? காசிமேட்ல கத்துனா எண்ணூர்ல எழுந்துக்குவான்” என்றார் ஒரு மாமா. எல்லாரும் சிரித்தார்கள், சிரித்தபடியே அழுதார்கள். நீலமேகம் மட்டும் அடுத்த தெருக்காரர் வீட்டு விஷயத்தைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வகுப்புக்கு முன்னால் அவருக்கு எதுவுமே நினைவில் இல்லை. மங்கலாகக்கூட இல்லை. இதுவரை அதை ஒரு குறையாக அவர் நினைத்ததும் இல்லை. அம்மா பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருந்தாள், போதுமாக இருந்தது. இப்போது அவரிடம் மிச்சமிருப்பது மூக்கில் குழாய் மாட்டிய கிழவி ஒருத்தி மட்டும். பழைய போட்டோக்களை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. போனில் அம்மா அனுப்பிய ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது. “வரச்சொல்ல மருந்து வாங்கினு வா.” அதிலும் பாதி மூச்சு. கண்டக்டரிடம் சண்டை போட்ட அந்த இளம்பெண்ணை ஊரே பார்த்திருக்கிறது. அவள் பெற்ற பிள்ளைக்கு அவள் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஒரு தடவை, ஒரே ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு.

உடன் வேலை செய்யும் ராயபுரத்து ஃப்ரெடிதான் அந்த யூடியூப் சேனலைக் காட்டினார். மறந்துபோன சின்ன வயதை உங்கள் முயற்சியாலேயே மீட்கலாம் என்று தாடி வைத்த ஒருவர் அதில் மிருதுவாகப் பேசுகிறார். முதல் வழி, வாசனை. அந்தக் கால வீட்டில் எது மணத்ததோ அதை முகரவேண்டும். மீன்பிடிப் படகுக்காரர் ஒருவரிடம் மண்ணெண்ணெய் தேடி வாங்கிக் கொடுத்ததும் ஃப்ரெடிதான். “போட்டுக்காரன் கால்ல வுழுந்து வாங்கியாந்தேன் மாமு. மோந்து பாரு, குடிச்சிப்புடாத.” இரண்டாவது வழி, இடது கையால் எழுதுவது, உள்ளே இருக்கும் குழந்தை இடது கை வழியாக வெளியே வருமாம். நீலமேகம் எழுதியதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு ஃப்ரெடி சொன்னார்: “இது கொயந்த இல்ல மாமு. உன் ஈசிஜி.” கண்ணாடி முன் நின்று சின்ன வயதுச் செல்லப் பெயர் சொல்லித் தன்னையே கூப்பிடச் சொன்னது மூன்றாவது. ஓசூரிலிருந்து மகன் திலீப் போன் செய்த நேரத்தில் அது நடந்துகொண்டிருந்தது. “அப்பா யாரோட பேசினு கீறாரு?” என்று அவன் கேட்க, சௌமியா பேச்சை மாற்றினாள். திலீப் என்று பெயர் வைத்தவள் பாட்டி முத்தம்மா. வேறு எந்தப் பெயரையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வளர்ந்த வீட்டின் வரைபடத்தைத் தாளில் போட்டு அதற்குள் மனதால் நடங்கள் என்றார் தாடிக்காரர். மனதால் நடப்பதில் நீலமேகத்துக்கு நம்பிக்கை இல்லை. அந்த வீடு இப்போது கடலுக்குள் இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால், கரையில் கொட்டிய கருங்கற்களுக்கு அப்பால், கப்பல்கள் முறைக்காகக் காத்து நிற்கும் தண்ணீருக்கு இப்பால், எங்கோ ஓரிடம். அதனால் மாடித் தரையிலேயே நூல் பிடித்து, மூலைமட்டம் வைத்து, நிஜ அளவில் சாக்பீஸால் வீட்டை வரைந்தார். அளவு சொன்னவள் எர்ணாவூரில் இருக்கும் அக்கா அம்மு. ரோட்டோரம் மீன் விற்பவள். வியாபாரத்துக்கு நடுவே போனில் சொன்னாள். “ஒரே ரூமுடா. நீ இன்னாவோ பங்களா கட்டற மாரி கேக்கற. இந்த மூலைல அடுப்பு, அந்த மூலைல பானை. நடுவுல நாம.”

ஷிப்ட் முடிந்து வந்ததும் மாடிக்குப் போவார். செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றி விடுவார். வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நடப்பார். சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை.

கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த சௌமியாதான் முதலில் பார்த்தாள். வாசலிலிருந்து அடுப்பு மூலைக்குப் போகும் வழியில், வெறும் தரையில், நீலமேகம் காலை உயரத் தூக்கி எட்டி வைத்தார். நின்றார். திரும்பினார். அதே இடத்தின் மேல் மறுபடி காலைத் தூக்கிப் பழைய பக்கத்துக்கே வந்தார். பிறகு சுவர்க்கோட்டை ஒட்டிச் சுற்றிக்கொண்டு அடுப்புக்குப் போனார்.

“இன்னாத்த தாண்டுனீங்க?”

“நானா? ஒண்ணும் தாண்டலயே.”

அவளே போனில் படமெடுத்துக் காட்டினாள். அவர் திரையை நகத்தால் தட்டினார். படத்தில் இருந்தவர் மறுபடி தாண்டினார், மறுபடி திரும்பி வந்தார். முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. பல் தேய்க்கும்போது இருக்கும் முகம்.

நிலைப்படியாக இருக்கும் என்று முடிவு செய்தார். கதவைத் தப்பான இடத்தில் வரைந்துவிட்டோம், காலுக்குச் சரியான இடம் தெரிந்திருக்கிறது. போனில் அக்கா சிரித்தாள். ஓலை வீட்டுக்கு நட்டநடுவில் நிலைப்படியா என்று கேட்டாள். அவர் எல்லாவற்றையும் கழுவிவிட்டு, மாடியின் மறுகோடியில், வாசலை வேறு திசைக்குத் திருப்பி, புதிதாக வரைந்தார். கண்ணை மூடி நடந்தார். அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவே, அதே இடத்தில், கால் எழும்பியது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. ஒரு கருவியை எங்கே கழற்றி எங்கே மாட்டினாலும் அதே அளவைக் காட்டினால், கருவியைச் சந்தேகப்படாதே. அது அளக்கிற பொருள் அங்கே இருக்கிறது. அன்று அவர் சாக்பீஸை அங்கேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். சௌமியா அந்தப் பக்கம் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டாள். கேட்டால், அங்கே வெயில் இல்லை என்றாள். வெயில் இருந்தது.

அந்தப் படத்தை அக்காவுக்கு அனுப்பினார். வழக்கமாகக் கேலியாக ஏதாவது பதில் வரும். அன்று வரவில்லை. மறுநாள் சாயங்காலம் அக்காவே வந்தாள். வியாபாரத்தைப் பாதியில் விட்டு வந்திருக்கவேண்டும். முழங்கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. மூச்சு வாங்க மாடியேறி, தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“நட பாக்கலாம்,” என்றாள்.

நடந்தார். கண்ணைத் திறந்தபோது அக்கா அவரைப் பார்க்கவில்லை. தரையில் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்பி ஒருத்தன் இருந்தான்டா. உனுக்குக் கீழ.”

எண்ணூர்ப் புகைபோக்கிகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அவள் சொன்னாள். வாசல் காற்று நேராக வரும் இடம் என்று அம்மா தன் பழைய புடவையை மடித்து அங்கேதான் அவனைப் போடுவாள். வெளியே ஓடுவதும் உள்ளே ஓடுவதுமாக இருந்த நீலமேகம் அவனைத் தாண்டிக் குதித்துக்கொண்டே இருப்பார். படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் அது வளராது. தாண்டியவரே திரும்பித் தாண்டிவிட்டால் தோஷம் போய்விடும். அதனால் ஒவ்வொரு தடவையும் அம்மா அவரைத் திருப்பித் தாண்டவைப்பாள். கடைசியில் அவனைக் கொண்டுபோனது காய்ச்சல். அதற்கும் தாண்டியதற்கும் சம்பந்தம் இல்லை, அம்மாவே அப்படிச் சொன்னதில்லை என்று அக்கா இரண்டு முறை சொன்னாள்.

“அவன் பூட்ட அப்பாலயும் நீ தாண்டிகினேதான் கீற. வெறுந்தரைய. தாண்டுவ, நிப்ப, திரும்பித் தாண்டுவ. யாரும் சொல்லவே வாணாம். அம்மா அடுப்பாண்ட குந்திகினு உன்னியே பாத்துகினு இருப்பா. சோறு தீஞ்சி பூடும்.”

கடல் ஏறி வந்ததால்தானே அந்த வீட்டை விட்டோம் என்று நீலமேகம் கேட்டார். அவருக்குத் தெரிந்த குடும்ப வரலாறு அது ஒன்றுதான்.

“கடலு வந்தது எத்தினியோ வர்சம் கயிச்சி. நாம கடலுக்குப் பயந்து வரல நைனா. உனுக்குப் பயந்து வந்தோம்.”

அவர் கைப்பிடிச் சுவரை நகத்தால் தட்டினார். சிமென்ட். எதுவும் மாறவில்லை.

வீடு மாறியும் அவர் நிறுத்தவில்லையாம். புது வீட்டிலும் அதே மாதிரி ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாராம். அம்மா அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். தர்காவில் ஓதிய தண்ணீர் வாங்கி வந்து தலையில் தெளித்தாள். மூன்று இடத்திலும் வேண்டுதல் ஒன்றுதான். பிள்ளை மறக்கவேண்டும். “ஒரு நா காலைல எழுந்து நீ நேரா நடந்து போன. அம்மா எங்கையப் புட்ச்சிகினா. அதுக்கப்பால உன்னாண்ட அவன் பேரையே எடுக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினா. அத்தோட சேந்து மிச்சதும் பூட்ச்சின்னு யாருக்குத் தெரியும்? நீ எதயும் கேட்டதில்ல.”

“பேரு இன்னா?”

“உம் புள்ளய இன்னான்னு கூப்புடற?”

நீலமேகம் அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு அவர் கேட்டது தம்பியைப் பற்றி அல்ல. திருப்பித் தாண்டச் சொல்லும்போது அம்மா என்ன வார்த்தை சொல்வாள் என்று கேட்டார். கத்துவாளா, அதட்டுவாளா. அக்கா கண்ணைச் சுருக்கி யோசித்தாள். உதடு ஒருமுறை அசைந்து நின்றது.

“வர மாட்டேங்குதுடா. இன்னாவோ சொல்லுவா. எனுக்கே பூட்ச்சி பாரேன்.”

படியேறி சௌமியா வந்தாள். இரண்டு கையிலும் டீ டம்ளர்கள். இருட்டிவிட்டதால் கோடுகள் அவள் கண்ணில் சரியாகப் படவில்லை. வாசலும் சுவரும் பார்க்காமல், படியிலிருந்து நேராக அவர்களை நோக்கி, வீட்டுக்கு நடுவே நடந்தாள்.

“தாண்டாத கண்ணு. வந்தாமாரியே திரும்பிக்கோ. புள்ள வளரணுமில்ல.”

சொன்னவர் நீலமேகம். ஆனால் அதில் குரலே இல்லை. காற்று மட்டும். தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவதுபோல, பாதி கெஞ்சலும் பாதி கண்டிப்புமாக. சொல்லி முடித்த பிறகுதான் அவர் கை வாய்க்குப் போனது. சூடாக ஏதோ அங்கே பட்டுவிட்டதுபோல் விரல்களால் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நீட்டியிருந்த காலை அம்மு சட்டென்று மடக்கிக்கொண்டாள்.

“அதான்,” என்றாள். அவளும் இப்போது தணிந்துதான் பேசினாள். “அதே மாரிதான். வூட்டுக்குள்ள கத்தவே மாட்டா. கொயந்த முழிச்சிக்கும்னு.”

சௌமியாவின் ஒரு கால் ஏற்கெனவே அந்தப் பக்கம் போயிருந்தது. அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டம்ளர்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, டீ சிந்தாமல், போன காலை மெல்லத் தூக்கித் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டாள்.