பேக்கிங் அக்காவின் கட்டிலும் நீலக் கார்பனும்

மூன்றாம் மாடிப் பேக்கிங் அக்கா தன் வீட்டுக்காரரை அடிக்கிறார் என்பதுதான் அந்தக் குடியிருப்பில் இரண்டு வாரமாக ஓடிய செய்தி. முதலில் சொன்னவர் கீழே சலவைக் கடை வைத்திருப்பவர். அந்த வீட்டிலிருந்து வந்த பனியனில் தோள்பட்டைப் பக்கம் நீலமாகக் கறை இருந்தது. கறையை மட்டும் வைத்து அவர் எதையும் முடிவுகட்டவில்லை. மறுநாள் எதிர்வரிசையில் தன்னுடைய சாவி செய்யும் கடையில் அந்த வீட்டுக்காரர் குனிந்து அரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, காலருக்குள் கழுத்திலும் அதே நீலத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் முடிவுகட்டினார். நிதானமான மனிதர்.

செய்தி படியேறும்போது கனம் கூடியது. முதல் மாடியில் அக்கா ஸ்கேலால் அடித்தார். இரண்டாம் மாடியில் கரண்டிக்கு மாறினார். நான்காம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா சின்ன வயதில் குத்துச்சண்டை பழகியவர் என்றும், அதை மறைத்துத்தான் கல்யாணம் செய்துவைத்தார்கள் என்றும் ஆகியிருந்தது.

உண்மைதானா என்று விசாரிக்கப் போனால் முதலில் தெரியவருவது இதுதான்: அக்காவால் வலது கையைக் காதுக்கு மேல் தூக்கவே முடியாது. தலை வாருவதற்கே ஒருக்களித்து நிற்கிறார். அடிப்பதென்றால் வீட்டுக்காரர்தான் உட்கார்ந்து ஒத்துழைக்க வேண்டும்.

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. ஆய்வுக்கூடங்களுக்குக் கண்ணாடிக் குழாய், குடுவை எல்லாம் செய்து அனுப்பும் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகப் பேக்கிங் மேசை அவருடையது. ஊதிச் செய்கிறவர்களுக்குத்தான் பெயர். ஆனால் ஊதியது ஊதியபடி போய்ச்சேருவது அக்காவின் கையில் இருந்தது. புதிய வடிவத்தில் ஒரு குடுவை வந்தால், பெட்டிக்குள் ஃபோம் வைத்து, அதன்மேல் ஒரு வெள்ளைத் தாள், தாளின்மேல் ரசீது நகலுக்கு வைக்கிற நீலக் கார்பன் தாள் ஒன்று, அதற்குமேல் குடுவை என்று அடுக்கி, மூடிக் குலுக்கித் திறப்பார். வெள்ளைத் தாளில் எங்கே நீலம் அடர்த்தியாக விழுந்திருக்கிறதோ அங்கே கண்ணாடி அழுந்துகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் ஃபோமை மாற்றுவார். பிறகு கண்ணாடி அசையாதபடி நாலு பக்கமும் இறுக்கிக் கட்டுவார். அசைந்தால் உடையும். அவர் வேலையின் முதல் பாடமும் கடைசிப் பாடமும் அதுதான்.

இப்படிப்பட்ட கையிலிருந்து ஒரு மாதத்துக்குள் இரண்டு குடுவை நழுவியது. தூக்கம் இல்லாத கை. வலது பக்கம் சாய்ந்து படுத்தால் இடுப்பெலும்பில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல இருக்கும்; தோளில் இன்னொரு கட்டைவிரல். இடது பக்கம் படுத்தால் அதே இரண்டு விரல்களும் சுற்றிவந்து இந்தப் பக்கம் அழுத்தும். மல்லாந்து படுத்தாலோ அக்காவுக்கு வீட்டுச் செலவுகள் ஞாபகம் வரும். டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது, படுக்கையைக் கவனியுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

கம்பெனி சூப்பர்வைசர் அக்காவைவிடப் பதினைந்து வயது இளையவர். நல்ல பையன், அதனால் கெட்ட சேதியைச் சுற்றி வளைத்துத்தான் சொன்னார்.

"அக்கா, ஒண்ணு உடைஞ்சா கண்ணாடி மேல தப்பு. ரெண்டு உடைஞ்சா கை மேல தப்பு. மூணாவது உடைஞ்சா என் மேல தப்புன்னு சொல்லிடுவாங்க. அதுக்கு முன்னால நீங்க லேபிள் மேசைக்கு மாறிக்கலாமே."

"லேபிள் ஒட்டவா பத்தொம்பது வருஷம் கண்ணாடியத் தூக்கினேன்?"

"லேபிளும் முக்கியம்தானே அக்கா."

"முக்கியம்தான். நாக்கு இருக்கிற யாரு வேணாலும் ஒட்டலாம்."

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மாதக் கடைசியில் ஒரு கல்லூரிக்குப் பன்னிரண்டு சுருள்குழாய்கள் போக வேண்டும். முழங்கை நீளக் குழாய்க்குள்ளே நூல்கண்டு மாதிரி இன்னொரு கண்ணாடி சுற்றிக்கொண்டு போகும். பார்த்தாலே பயம் வரும் பொருள். பன்னிரண்டும் முழுசாகப் போய்ச்சேர்ந்தால் மேசை அக்காவுக்கே. ஒன்று போனாலும் லேபிள். கையில் இருந்தது நாலு வாரம்.

அன்று சாயங்காலமே அக்கா மெத்தைக் கடைக்குப் போனார். மெத்தைக்கு மேலே இன்னொரு மெல்லிய மெத்தை போடுவதற்கு டாப்பர் என்று பெயர். கடைக்காரர் ஒன்றை விரித்து, "கைய வச்சு அழுத்திப் பாருங்கம்மா, எப்படி உள்ள போகுதுன்னு" என்றார்.

"நான் என்ன கையிலயா தூங்கப்போறேன்?" என்று கேட்டுவிட்டு, அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள்ளேயே வலது பக்கம் சாய்ந்து படுத்துப் பார்த்தார். இரண்டு அங்குலம் கனம். வாங்கிவந்தார்.

மூன்று ராத்திரி சொர்க்கம். நான்காம் ராத்திரி கட்டைவிரல் திரும்ப வந்தது. அடியில் இருந்த பழைய மெத்தை நடுவில் பள்ளமாகியிருந்தது. டாப்பரும் அந்தப் பள்ளத்தின் வழியிலேயே போனது. அக்கா அப்படி யோசிக்கவில்லை. கண்ணாடி அழுந்தினால் ஃபோம் போதவில்லை என்றுதான் பத்தொன்பது வருடமாக யோசித்துப் பழக்கம். கம்பெனியில் வெட்டி மிச்சமான ஃபோம் துண்டுகளை எடைக்கு வாங்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். டாப்பர்மேல் ஒரு அடுக்கு. சரியில்லை. இன்னொரு அடுக்கு. இன்னும் கொஞ்சம் மிருதுவாக இன்னொன்று. உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் குளிக்கிற துண்டுகளைச் சுருட்டி அணைகட்டினார். கட்டில் ஜன்னல் திண்டு உயரத்துக்கு வந்தது. வீட்டுக்காரர் ஏறுவதற்கு அடுப்படி ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, இது கட்டிலா, மேல ஒரு மாடி எடுக்கறியா? அனுமதி வாங்கிட்டியா?"

"வாய மூடிட்டுப் படுங்க."

"படுக்கறேன். விழுந்தா எந்தப் பக்கம் விழணும்னு மட்டும் சொல்லிடு, அங்க ஒரு தலகாணி போட்டு வைக்கறேன்."

சொல்லிவிட்டு அவர் தூங்கிவிடுவார். அவர் தூங்குவதைப் பார்ப்பதே அக்காவுக்கு ஒரு அவமானம். சாவி போடுகிற மனிதர். பூட்டில் சாவி போனமாதிரி ஒரு திருகு, அவ்வளவுதான், குறட்டை. அக்கா பக்கத்தில் பத்து அங்குலப் பஞ்சுக் குழியில் கிடப்பார். திரும்பலாம் என்றால் குழி விடாது. காலை ஊன்றினால் கால் அமிழும். கையை ஊன்றினால் அந்தக் கைக்கு ஏற்கெனவே வலி. ஒரு மணி, ஒன்றரை, இரண்டேகால். எழுந்து தண்ணீர் குடிப்பார். தாகமே இருக்காது. பாத்திரத்தைத் துடைத்து வைப்பார். ஏற்கெனவே துடைத்ததாக இருக்கும். திரும்ப ஸ்டூலில் ஏறி, குழிக்குள் இறங்கி, மூன்று மணி.

இரண்டு வாரம் இப்படியே போனது. சுருள்குழாய்கள் ஊதி முடிந்து அலமாரிக்கு வந்துவிட்டன. அக்கா அவற்றைத் தொடாமல் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வருவார்.

அப்போதுதான் கார்பன் ஞாபகம் வந்தது. பெட்டியைச் சோதிக்கிற மாதிரி கட்டிலைச் சோதிக்க யாருக்குத் தோன்றும்? அக்காவுக்குத் தோன்றியது. இவ்வளவு நாள் கழித்துத் தோன்றியதே என்றுதான் அவருக்கு வெட்கம். கம்பெனியிலிருந்து சொல்லிவிட்டே ஒரு கட்டுக் கார்பன் எடுத்துவந்து, படுக்கை முழுக்க வெள்ளைத் தாள், அதன்மேல் கார்பன், அதன்மேல் மெல்லிய விரிப்பு என்று பரப்பினார். வீட்டுக்காரர் பக்கமும் சேர்த்துத்தான். பாதிப் பெட்டியைச் சோதிக்கும் வழக்கம் அவரிடம் கிடையாது.

"நான் என்ன பண்ணேன்? எனக்கு எங்கயும் வலிக்கலயே" என்றார் வீட்டுக்காரர்.

"படுத்தாப் போதும்."

இரண்டு ராத்திரி படுத்தார். அவர் புரண்ட புரளலில் விரிப்பு சுருண்டு ஒதுங்கி, கார்பனின் மைப்பக்கம் திரும்பி மேலே வந்துவிட்டது. கழுத்து, தோள், விலா எல்லாம் நீலம். சோப்புப் போட்டுத் தேய்த்தார், பாதிதான் போனது. மீதியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அரம் தேய்க்கக் குனிந்தார். வதந்தி பிறந்த கதை இவ்வளவுதான். விசாரணை இத்துடன் முடிந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அக்காவுக்கு இன்னும் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவர் தாள்களையெல்லாம் சேர்த்துத் தரையில் பரப்பினார். அவருடைய பக்கத்தில் இடுப்பு இருந்த இடத்தில் ஒரே ஒரு வட்டம், மைப்புட்டியைக் கவிழ்த்த மாதிரி. தோளில் இன்னொன்று. இடையில் வெறும் வெள்ளை. அத்தனை அடுக்கு போட்டும் நீலம் குறையவில்லை. முதுகுக்கும் இடைக்கும் ஒரு தாங்கலும் இல்லாமல் பாரம் முழுக்க இரண்டு இடத்திலேயே இறங்கியிருந்தது. பிறகு வீட்டுக்காரருடைய தாளைப் பார்த்தார். கிழிந்த துண்டுகளை ஒட்டவைத்துப் பார்த்தார். தாள் முழுக்க நீலம், ஆனால் எங்கேயும் அடர்த்தியில்லை. இங்கே ஒரு பூச்சு, அங்கே ஒரு தீற்றல். மனிதர் விடிய விடிய உருண்டிருக்கிறார். ஒரு இடம் நோவதற்குள் இன்னொரு இடத்துக்கு மாறியிருக்கிறார். எல்லாம் தூக்கத்திலேயே.

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அசையக்கூடாது என்று தன்னையே இரண்டு வாரமாக இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார். கண்ணாடிக்குப் புரண்டு படுக்க வேண்டிய அவசியமில்லை. ஐம்பத்தொரு வயது இடுப்புக்கு இருக்கிறது. இது இவ்வளவு சின்ன விஷயம் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா, பேப்பர் படிக்கற?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க தூங்கற அழகப் படிக்கறேன்."

கம்பெனி ஃபோம் அத்தனையையும் சாயங்காலத்துக்குள் இறக்கினார். துண்டு அணைகளும் போயின. பழைய மெத்தை, கடையில் வாங்கிய டாப்பர், அவ்வளவுதான் மிச்சம். இரண்டுக்கும் நடுவில் பள்ளத்தை மூடுகிற மாதிரி கெட்டியாக, தட்டையாக, அழுத்தினால் அமிழாத ஒன்று வேண்டும். மனசுக்குள் அலமாரி அலமாரியாகத் தேடிப் பார்த்தார். சலவைக் கடையில் தேய்க்கும் மேசைமேல் கெட்டிக் கம்பளி விரித்திருப்பார்கள், இரண்டு அடுக்கு. விரலால் குத்தினால் விரல்தான் மடங்கும்.

சலவைக் கடைக்காரர் அக்கா வருவதைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"உங்க மேசையில விரிச்சிருக்கற கம்பளியில ஒண்ணு வேணும். ஒரு வாரத்துக்கு."

"மேசையிலருந்தா? அது வந்துக்கா, தொழிலுக்கு..."

அக்கா அப்போது வலிக்கிற தோளைப் பிடித்துவிட்டுக்கொள்ள இடது கையைத் தூக்கினார். கடைக்காரர் ஒரு அடி பின்னால் போனார்.

"ஒரு வாரம்தானே. எடுத்துக்கங்க. அவசரமே இல்ல" என்று மேல் அடுக்கை உருவி, மடித்து, கையிலேயே கொடுத்துவிட்டார். இவ்வளவு தங்கமான மனிதரா என்று நினைத்துக்கொண்டே அக்கா படியேறினார். தன்னைப் பற்றிய செய்தி அப்போது அவர் காதுக்கே வந்திருக்கவில்லை.

கம்பளியை நடுவில் போட்டுப் படுத்தால் இடுப்பு தாங்கியது. புரளவும் முடிந்தது. தோள் மட்டும் முட்டியது. இங்கே நடந்ததை நியாயப்படுத்த வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், அது யார் வீட்டுப் பொருள் என்ற நினைப்பே இல்லாமல், அக்காவின் கை கத்தியை எடுத்துக் கம்பளியில் தோள் வருகிற இடத்தில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டமாக வெட்டியெடுத்தது. குடுவையின் காது முட்டினால் அந்த இடத்தில் ஃபோமை வெட்டித்தானே வழக்கம். வெட்டி முடித்த பிறகுதான் கை நின்றது. வெட்டிய வட்டத்தைத் திரும்பப் பொருத்திப் பார்த்தார். பொருந்தியது. பொருந்தி என்ன செய்ய.

அன்று ராத்திரி படுத்தவர் மறுநாள் காலை ஏழு வரைக்கும் தூங்கினார். வீட்டுக்காரர்தான் பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார்.

பன்னிரண்டு சுருள்குழாய்களையும் மூன்று நாளில் கட்டினார். ஒன்றுகூட நழுவவில்லை. அனுப்பிய பிறகு ஐந்து நாள் வேறு மாதிரி நிலைகொள்ளாமல் போனது. சூப்பர்வைசர் மேசையில் போன் அடிக்கும்போதெல்லாம் அக்காவின் கத்தரிக்கோல் பாதியில் நின்றது. ஆறாம் நாள் அவர் வந்து, "பன்னெண்டும் முழுசாப் போயிடுச்சு அக்கா. லேபிள் மேசைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார். அக்கா அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டார்.

இதற்குள் செய்தி அவர் காதுக்கும் வந்துவிட்டது. வீட்டுக்காரருக்கு முன்பே தெரியும்; அவர் மறுக்கவில்லை. டீக்கடையில் இரண்டு வாரமாக உட்கார இடம் கிடைக்கிறது, பரிதாபப்பட்டு யாராவது பிஸ்கட்டும் வாங்கித் தருகிறார்கள். "கொஞ்ச நாள் போகட்டுமே" என்றார்.

நேற்று படியில் சலவைக் கடைக்காரர் வழிமறித்தார். ஒரு படி கீழேயே நின்றுகொண்டார்.

"அக்கா, நான்தான் அவசரப்பட்டு ஏதோ சொல்லிட்டேன். நான் குடைஞ்சு கேட்டப்புறம், அது கார்பன்னு உங்க வீட்டுக்காரரே இப்பச் சொன்னார். நாலு மாடியும் ஏறி, அடி கிடி ஒண்ணும் இல்ல, தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லிடறேன். அந்தக் கம்பளிய மட்டும் குடுத்துடுங்க. ஒரு வாரம்னு வாங்கிட்டுப் போனீங்க, ரெண்டு வாரம் ஆச்சு. ஒத்த அடுக்குல தேய்க்கறேன், துணியில மேசைப் பலகைக் கோடு விழுது. எல்லாரும் கேக்கறாங்க."

அக்கா யோசித்தார். மேலே கட்டிலில், தட்டளவு ஓட்டையோடு, அந்தக் கம்பளி கிடந்தது. அதைக் கொடுத்தால் ஓட்டை தெரியும். கொடுத்துவிட்டால் ராத்திரி இரண்டேகால் திரும்ப வரும்.

"நீங்க யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம். சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்" என்றார். "ஞாயித்துக்கிழமை பாக்கலாம்."

"இந்த ஞாயிறாக்கா?"

அக்கா தோளைப் பிடித்துவிட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினார். இப்போது அந்தத் தோளில் வலி அவ்வளவாக இல்லை. கடைக்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

இன்று காலை வீட்டுக்காரர் சலவையிலிருந்து வந்த சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். முதுகில் குறுக்காக ஒரு பலகைக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது போல. அக்கா அதைக் கையால் இரண்டு தடவை நீவிப் பார்த்தார். போகவில்லை.