இரண்டு நிறத் திரை

ஆரணிக்கு வந்த புதிதில் பேருந்து நிலையத்தில்தான் தூங்கினேன். அதற்கு முன்பு கண்ணமங்கலத்தில் ஒரு டீக்கடை பெஞ்சு, அது பரவாயில்லை. அந்தச் சமயத்தில் செய்யாறு பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று தன் சமூகப் பொறுப்பு நிதியில், நெசவாளர் தெருக்கள் இரண்டுக்கு நடுவே குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டியது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சம்பளமும் தூங்க ஓர் அறையும் உண்டு. கீழத்தெரு ஒரு கட்சி, மேலத்தெரு இன்னொரு கட்சி. எந்தத் தெருவையும் சேராதவன் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளியைப் பாதியில் விட்டவனுக்குக் கிடைத்த ஒரே தகுதி அது. திறப்பு விழா முடிந்ததும் சேர்ந்துகொள்ளலாம் என்றார் கம்பெனி அதிகாரி.

கல்வெட்டை மூடும் திரைக்கு என்ன நிறம் என்பதில் சிக்கல் வந்தது. சிவப்பு கீழத்தெருவின் கட்சிக்குச் சொந்தம், பச்சை மேலத்தெருவுக்கு. வெள்ளை போடலாமா என்று அதிகாரி கேட்டதும் இரண்டு தெருவும் முதல்முறையாக ஒத்துப்போய், இது என்ன சாவு வீடா என்றன. கடைசியில் ஒரு தறிக்காரர் வழி சொன்னார். நீள நூலான பாவு சிவப்பு, குறுக்கு நூலான ஊடை பச்சை போட்டு நெய்த பட்டு. வெயில் விழும் பக்கத்தைப் பொறுத்து நிறம் மாறித் தெரியும். காலை வெயிலில் கட்டிக் காட்டினார். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் அவரவர் நிறம் அவரவருக்குத் தெரிந்தது. அதிகாரி அதைப் படமெடுத்து, சமூக நல்லிணக்கம் என்று தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்.

விழாவன்று காலையில் வரவேண்டிய பெரிய மேனேஜர் சாயங்காலம் வந்தார். வெயில் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அது மேற்கே போய்விட, கீழத்தெருவுக்குப் பச்சையும் மேலத்தெருவுக்குச் சிவப்பும் தெரிந்தன.

“இன்னா சார், காலையிலருந்து எங்கள உக்கார வெச்சிகினு அவங்க கலரக் காட்றீங்களா?” என்றார் கீழத்தெருக்காரர் ஒருவர். எதிர்ப்பக்கமும் அதையே கெட்ட வார்த்தை சேர்த்துக் கேட்டது. பாவு, ஊடை என்று விளக்க வந்த தறிக்காரரை, எவனுக்கு விலைபோனாய் என்று இரண்டு பக்கமும் மடக்கின. நாற்காலிகள் பறந்தன. மேனேஜர் காரைவிட்டு இறங்கவில்லை.

தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. முந்தின நாளே குடித்துப் பார்த்திருந்தேன். இந்த ஊரே வேண்டாமென்று கம்பெனி முடிவெடுக்க, அடுத்த வாரம் இயந்திரத்தைக் கழற்றிக் கலசப்பாக்கம் பக்கம் கொண்டுபோக லாரி வந்தது. ஏற்ற ஆள் போதாமல் நானும் கைகொடுத்தேன். அங்கே வந்து அதைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று அதிகாரியிடம் கேட்டேன்.

“அங்க ரெண்டு பேரப் போட்டாச்சு,” என்றார். “அந்தக் கட்சிக்கு ஒருத்தர், இந்தக் கட்சிக்கு ஒருத்தர். பொதுவான ஆளுன்னா யாரும் நம்ப மாட்றாங்கப்பா.”

இயந்திரத்தை ஏற்றியதற்கு டீ வாங்கித் தந்தார். குடித்துவிட்டு வேலூர் பஸ்ஸில் ஏறினேன்.